அந்தப் பாடத்தைச் சீக்கிரம் முடிக்கச் சொன்னவர்களுக்கு

மாண்புமிகு சட்டமன்ற உறுப்பினர்களுக்கும், மாவட்ட, ஒன்றிய, நகரக் கட்சிப் பொறுப்பாளர்களுக்கும்

வணக்கம்.

நான் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. 26 வருட சர்வீஸ். பெயரும் ஊரும் போடாததற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். அரசு ஊழியர் நடத்தை விதிகள் 1973 என்று ஒன்று எங்கள் தலைக்கு மேல் தொங்குகிறது, உங்களுக்குத் தெரியாததில்லை. நான் நடத்திய ஒரு பாடத்தைச் சீக்கிரம் முடிக்கச் சொல்லி எங்கள் பள்ளிக்குப் போன் செய்தவர் எந்தக் கட்சி என்பதையும் நான் எழுதப்போவதில்லை. ஒரு கட்சியோடு முடிகிற சங்கதி இல்லை இது.

எட்டாம் வகுப்பு அறிவியலில் ‘வளரிளம் பருவமடைதல்’ என்று ஒரு பாடம் உண்டு. அரசே அச்சடித்து, அரசே இலவசமாகக் கொடுக்கிற புத்தகத்தில் இருக்கிற பாடம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இந்த மாதிரிப் பாடங்களை நான் எப்படி நடத்தினேன் என்பதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். “இது ஈஸியான பாடம், வீட்ல படிச்சிட்டு வந்துருங்க” என்பேன். பத்தாம் வகுப்பில் இனப்பெருக்கம் வந்தால் பூவின் வெட்டுத்தோற்றத்தை ரெண்டு பீரியட் வரைந்துகொண்டே இருப்பேன். மனிதனுக்கு வந்து சேரும்போது சரியாக மணி அடிக்கும். பத்து வருடம் இப்படியே ஓட்டினேன். மகரந்தச் சேர்க்கை என் மாணவர்களுக்கு அத்துப்படி.

அப்புறம் ஒரு பயிற்சிக்குப் போய்வந்தேன். வந்ததும் காலி சாக்பீஸ் டப்பா ஒன்றின் மூடியில் கீறல் போட்டு மேசைமேல் வைத்தேன். பெயர் எழுத வேண்டாம், கேட்கத் தோன்றுவதை எழுதிப் போடுங்கள் என்றேன். முதல் நாள் நாலு சீட்டு வந்தது. மூன்றில் ஒன்றும் எழுதவில்லை, நான் உண்மையிலேயே பிரித்துப் பார்க்கிறேனா என்று சோதித்திருக்கிறார்கள். ஒரு வாரத்தில் டப்பா நிரம்பிவிட்டது. “அது கெட்ட ரத்தமா டீச்சர்?” “ராத்திரி தூக்கத்துல வர்றது நோயா, ஒடம்பு வீணாப்போயிருமா?” “எனக்கு மட்டும் இன்னும் மீசை வரல.” “கூட உக்காந்தா புள்ள உண்டாகுமா?” சினிமாவில் கட்டிப்பிடித்த மறு காட்சியில் வாந்தி எடுப்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை வேறு எப்படிக் கேட்கும்? ஒவ்வொன்றாக வாசித்துப் பதில் சொன்னேன். பையன்களின் சிரிப்பு முதல் ரெண்டு வகுப்புவரைதான். மூன்றாவது வகுப்பில் நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்துவிட்டார்கள்.

யாரோ ஒரு சீட்டைப் படம் பிடித்து வாட்ஸப்பில் போட்டுவிட்டார்கள். எட்டாங்கிளாஸ் பிள்ளைகளுக்கு ஆபாசப் பாடம் என்று ஊர் குரூப்பில் சுற்றியது. மறுநாள் காலை தலைமை ஆசிரியருக்கு உங்களில் ஒருவரிடமிருந்து போன். சார் என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர், ஓய்வுக்கு ஏழு மாதம் பாக்கி. “எழுத்துல ஒண்ணும் இல்லம்மா. அந்தப் பாடத்தைச் சீக்கிரம் முடிச்சிருங்க. அந்த டப்பாவையும் எடுத்துருங்க.” நானும் எடுத்தேன். அப்போது என் மகள் பிளஸ் டூ. அந்த வருடம் வேறு ஒன்றியத்துக்கு மாறுதல் வந்தால் தாங்க முடியாது என்று வீட்டுக் கணக்குப் போட்டேன்.

டப்பாவை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொட்டியபோது அடியில் பிரிக்காத சீட்டு ஒன்று கிடந்தது. கையெழுத்து தெரியக் கூடாது என்று அச்சு எழுத்து மாதிரி எழுதியிருந்தது. “மாமா பக்கத்துல படுக்கச் சொன்னா எனக்குப் பிடிக்கல. அது தப்பா டீச்சர்.” கேள்விக்குறிகூட இல்லை.

வகுப்பில் 38 பேர். தலைமை ஆசிரியரிடம் சீட்டைக் காட்டினேன், குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குச் சொன்னோம், ஆலோசகர் ஒருவர் வந்து பொதுவாகப் பேசிவிட்டுப் போனார். ஒவ்வொரு பிள்ளையிடமும் தனியாகப் பேச்சுக்கொடுத்துப் பார்த்தேன். யாரும் வாய் திறக்கவில்லை. டப்பா இருந்த இடத்தில் இருந்திருந்தால் அதே பிள்ளை இன்னொரு சீட்டுப் போட்டிருக்கும். டீச்சர் பயந்து டப்பாவை எடுத்துவிட்டார் என்பது 38 பேருக்கும் தெரியும். அதில் ஒரு பிள்ளை அதை என்னவென்று எடுத்துக்கொண்டிருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

போன் செய்தவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அவருக்கு இந்தச் சீட்டு விஷயம் தெரியாது. தெரிந்துகொள்ள அவர் வகுப்புக்கு வரவும் இல்லை.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கிற போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14 முதல் நடப்பில் இருக்கிறது. அதன் 19ஆம் பிரிவுப்படி ஒரு குழந்தைக்குப் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தாலும், நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலும் நான் புகார் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாவிட்டால் 21ஆம் பிரிவில் எனக்கு ஆறு மாதம்வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ. நிறுவனப் பொறுப்பில் இருப்பவருக்கு ஒரு வருடம்வரை. நல்ல சட்டம். ஆனால் பிள்ளை சொன்னால்தானே எனக்குத் தெரியும்? சொல்ல அதற்கு வார்த்தை வேண்டாமா? எங்கள் பிள்ளைகளிடம் கண், காது, மூக்கு, தொப்புள்வரை பெயர் இருக்கிறது. அதற்குக் கீழே எல்லாமே “அங்க”தான். அப்புறம் முழங்காலில்தான் மறுபடி பெயர் தொடங்குகிறது. விசாரணையில் எங்கே தொட்டார் என்று கேட்டால், “அங்க” என்று சொல்லித் தலையைக் குனிந்துகொள்கிறது குழந்தை. எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அது போதும். வார்த்தையைக் கற்றுக்கொடுத்தால் போன் வருகிறது. கற்றுக்கொடுக்காமல் விட்டு நாளைக்கு ஏதாவது நடந்தால், “ஸ்கூல்ல என்ன புடுங்கிட்டு இருந்தீங்க” என்று அதே போன் வருகிறது.

இது நம் ஊரோடு நிற்கிற கதையும் இல்லை. எச்.ஐ.வி. தடுப்பை மனத்தில் வைத்து 2005இல் மத்திய அரசு பள்ளிகளில் வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தது. எச்.ஐ.வி. என்றால் நமக்கு ஒரு முன்கதையும் உண்டு. இந்தியாவில் அந்தக் கிருமி இருப்பதை 1986இல் முதலில் கண்டுபிடித்தது சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனும் அவரிடம் படித்த நிர்மலாவும். நம் நாட்டில் அதெல்லாம் கிடையாது என்று பலர் நம்பிக்கொண்டிருந்த காலத்தில் இரண்டு பெண்கள் ரத்த மாதிரிகளைச் சோதித்துப் பார்த்துச் சொன்னார்கள். அந்தக் கிருமியைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்ல வந்த திட்டத்துக்கு 2007இல் என்ன ஆனது? பயிற்சிப் படங்கள் ஆபாசம், இந்தியப் பண்பாட்டுக்கு ஆகாது என்று மாநிலம் மாநிலமாக நிறுத்தினார்கள். மத்தியப் பிரதேசத்திலும் குஜராத்திலும் பாரதிய ஜனதா ஆட்சி, மகாராஷ்டிரத்தில் காங்கிரஸ் கூட்டணி, கர்நாடகத்தில் மதச்சார்பற்ற ஜனதா தளத்தின் குமாரசாமி. காவிரியிலிருந்து ஜி.எஸ்.டி.வரை எதிலும் ஒத்துப்போகாதவர்கள் இதில் மட்டும் ஒத்துப்போனீர்கள்.

அதே 2007 ஏப்ரலில் மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் ஓர் ஆய்வை வெளியிட்டது. 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டதில் 53.22 சதவீதம் பேர் ஏதாவதொரு வகைப் பாலியல் துன்புறுத்தலைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். அவர்களில் பாதிக்குக் கொஞ்சம் மேல் பையன்கள். செய்தவர்களில் பாதிப் பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், நம்பிக்கைக்குரிய இடத்தில் இருந்தவர்கள். ஆய்வு நடந்த மாநிலங்களில் மத்தியப் பிரதேசமும் குஜராத்தும் மகாராஷ்டிரமும் உண்டு. ஒரு கையில் இந்த அறிக்கையும் மறு கையில் தடை உத்தரவும் எப்படிச் சேர்ந்து இருந்தன என்று யாரும் இன்றுவரை எனக்கு விளக்கவில்லை.

அத்தோடு விடவில்லை. வெங்கையா நாயுடு தலைமையிலான மாநிலங்களவை மனுக்கள் குழு 2009இல் அறிக்கை கொடுத்தது. பாலியல் கல்விக்குப் பள்ளியில் இடமில்லை, எச்.ஐ.வி., பால்வினை நோய் பற்றிய பாடங்களை எடுத்துவிட்டு பிளஸ் ஒன், பிளஸ் டூ உயிரியலில் வைத்துக்கொள்ளலாம், பாடத்திட்டத்தில் மகான்கள், விடுதலைப் போராட்ட வீரர்கள் வரலாற்றைச் சேர்க்கலாம் என்றது. மகான்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அந்தக் குழுவில் யாராவது ஒரு பள்ளிக்கூட அட்மிஷன் பதிவேட்டைப் பார்த்திருந்தால் ஒரு விஷயம் தெரிந்திருக்கும். பிளஸ் ஒன்னில் எல்லோரும் உயிரியல் எடுப்பதில்லை. காமர்ஸ் குரூப் பையன், கம்ப்யூட்டர் சயின்ஸ் பெண், பத்தோடு நின்று திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போகிற பிள்ளை, இவர்களுக்கெல்லாம் எந்த வகுப்பில் யார் சொல்வது?

2021 நவம்பரில் இன்னொன்று. திருநர் பிள்ளைகளைப் பள்ளியில் எப்படி அரவணைப்பது என்று ஆசிரியர்களுக்காக, பள்ளிப் பாடப் புத்தகங்களைத் தயாரிக்கிற மத்திய அரசின் என்.சி.இ.ஆர்.டி. ஒரு பயிற்சிக் கையேட்டை வெளியிட்டது. எதிர்ப்புக் கிளம்பியதும் இணையத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அந்த அவசரத்தைப் பற்றி நீதிமன்றத்திலேயே வருத்தப்பட்டார். ஆசிரியரான எனக்குக் கொடுத்த கையேட்டை நான் படித்து முடிப்பதற்குள் பிடுங்கிக்கொண்டார்கள். நான் அதைப் படித்தால் என்ன கெட்டுப்போகும் என்று என்னிடம் யாரும் கேட்கவும் இல்லை.

பண்பாடு என்று நீங்கள் தொடங்கும்போதெல்லாம் எனக்கு மஞ்சள் நீராட்டு விழாதான் ஞாபகம் வரும். பெண் வயதுக்கு வந்ததை ரோட்டை அடைத்துப் பந்தல் போட்டு, 12 அடி ஃபிளெக்ஸில் அவள் படத்தைப் போட்டு, மைக் செட் வைத்து ஊருக்கே சொல்கிறோம். ஃபிளெக்ஸின் மேல் மூலையில் கும்பிட்டபடி உங்கள் படமும் இருக்கும். நீங்களே வந்து மொய் எழுதி, சாப்பிட்டுவிட்டுப் போன விழாக்களுக்கு நானும் வந்திருக்கிறேன். திங்கட்கிழமை அதே பெண் என் வகுப்பில் உட்கார்ந்திருப்பாள். அவள் உடம்பில் என்ன நடந்தது என்று நான் சொன்னால் மட்டும் பண்பாடு கெட்டுவிடும்.

வள்ளுவர் பட்ட பாடும் இதுதான். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2016இல் குறளின் அதிகாரங்களைப் பள்ளியில் கற்பிக்கச் சொன்னது. அத்தனையும் அறத்துப்பால், பொருட்பால். மூன்றாவது பாலைப் பள்ளி கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டோம்.

கேட்டுக்கு வெளியே வேறு ஆட்கள் இருக்கிறார்கள். பஸ் ஸ்டாண்டு கழிப்பறைச் சுவரில் பார்த்திருப்பீர்கள்: மாதத்தில் இன்ன தேதி இன்ன லாட்ஜில் வைத்தியர் வருகை, இளமையில் செய்த தவறா, நரம்புத் தளர்ச்சியா என்று மஞ்சள் நோட்டீஸ். இந்த மாதிரி விளம்பரத்துக்கு 1954லேயே தடைச் சட்டம் போட்டாயிற்று. நோட்டீஸ் மட்டும் புதுசு புதுசாக ஒட்டிக்கொண்டே இருக்கிறது. “ராத்திரி வர்றது நோயா” என்று சீட்டு எழுதிய பையனுக்கு, இல்லடா, அது வளர்ச்சி, பயப்படாதே என்று நான் சொன்னால் ஆபாசம். அதே பையன் 18 வயதில் முதல் சம்பளத்தை லாட்ஜ் வைத்தியரிடம் கொண்டுபோய்க் கொடுத்தால் யாரும் போன் செய்வதில்லை. இப்போது செல்போன் வேறு. அதில் அவன் பார்ப்பதைப் பற்றி நான் எழுத வேண்டியதில்லை.

ஜப்பானில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். டோக்கியோவில் ஹினோ என்ற ஊரில் அறிவு வளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கான நனாவோ சிறப்புப் பள்ளி இருந்தது. பிள்ளைகளுக்குள்ளேயே பாலுறவு நடந்தது தெரியவந்ததும், திட்டி மூடி மறைக்காமல், ஆசிரியர்கள் உட்கார்ந்து ஒரு பாடத்திட்டம் உருவாக்கினார்கள். வெறும் பேச்சு அந்தப் பிள்ளைகளுக்குப் புரியாது. அதனால் உறுப்புகளோடு தைத்த துணிப் பொம்மைகள், தலையிலிருந்து கால்வரை எல்லாப் பாகத்தையும் தொட்டுப் பெயர் சொல்லும் ஒரு பாட்டு. பெற்றோர்களுக்கும் தெரிந்துதான் எல்லாம். 2003 ஜூலையில் டோக்கியோ பேரவை உறுப்பினர்கள் பத்திரிகையாளர்களோடு பள்ளிக்குள் வந்தார்கள். ஆசிரியைகளை அதட்டினார்கள். பொம்மைகளின் உடையை இறக்கி வரிசையாக வைத்துப் படம் எடுத்தார்கள். கற்பித்தல் பொருள்களைக் கல்வி வாரியம் எடுத்துக்கொண்டு போனது. ஆசிரியர்களுக்குக் கடும் எச்சரிக்கை. தலைமை ஆசிரியரை வேறு நிர்வாகக் காரணங்களைச் சொல்லிப் பதவி இறக்கினார்கள். நிர்வாகக் காரணம் என்ற சொல் ஜப்பானிலும் இருப்பது தெரிந்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஆசிரியர்களும் பெற்றோர்களும் சேர்ந்து 31 பேர் 2005இல் வழக்குப் போட்டார்கள். மாவட்ட நீதிமன்றம் 2009இல் தீர்ப்புச் சொன்னது. உறுப்பினர்கள் செய்தது கல்வியில் முறையற்ற ஆதிக்கம், அவர்களும் டோக்கியோ நிர்வாகமும் சேர்ந்து 21 லட்சம் யென் கொடுக்க வேண்டும். பாலியல் கல்வி என்பது வகுப்பில் செய்து பார்த்துச் செய்து பார்த்துத்தான் வளரும், பொருத்தமில்லை என்று எடுத்த எடுப்பில் தண்டித்தால் ஆசிரியர்கள் ஒடுங்கிப்போவார்கள், புதிதாக எதையும் முயல மாட்டார்கள் என்றும் நீதிமன்றம் சொன்னது. 2013 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. தலைமை ஆசிரியரின் தண்டனையும் தனி வழக்கில் ரத்தானது. வென்றார்கள், சரி. நடுவில் போன பத்து வருடத்தில் அந்தப் பாட்டைக் கேட்காமலே எத்தனை பிள்ளைகள் பள்ளியை விட்டுப் போயிருப்பார்கள்?

நம் நாட்டு நீதிமன்றங்களும் சும்மா இல்லை. அம்பத்தூரில் பதிவான ஒரு வழக்கில் 2024 செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம், பாலியல் கல்வி மேல்நாட்டுச் சரக்கு என்ற எண்ணம் தவறு, அந்த எண்ணத்தால்தான் சில மாநிலங்களில் தடைகள் வந்தன, விரிவான பாலியல் கல்வி வேண்டும் என்றது. 2025 அக்டோபரில் இன்னொரு அமர்வு, ஒன்பதாம் வகுப்புவரை காத்திருக்காதீர்கள், இன்னும் சின்ன வயதிலேயே தொடங்குங்கள் என்றது. ஆயுஷ்மான் பாரத் பள்ளி நலத் திட்டத்தில் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களை நலவாழ்வுத் தூதுவர் என்கிறார்கள். தூதுவர் என்ற பட்டம் இருக்கிறது. தூதுவருக்குரிய பாதுகாப்பு எங்கே என்றுதான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று தெரியும். போக்சோவில் உள்ளே போகிற வாத்தியார்களை நாங்கள் பேப்பரில் பார்க்கவில்லையா, உங்களை நம்பி எப்படி விடுவது? நியாயமான கேள்வி. எங்கள் ஆட்களிலும் அயோக்கியர்கள் உண்டு, ஸ்டாஃப் ரூமில் தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தவர்களும் உண்டு. அப்படிப்பட்ட வாத்தியார் முதலில் பயப்படுவது எதற்கு என்று நினைக்கிறீர்கள்? இது தப்பு, இதற்குப் பெயர் இது, இந்த நம்பரில் சொல்லலாம் என்று தெரிந்த பிள்ளைக்குத்தான். 14417 நம்பரைச் சுவரில் எழுதியாயிற்று, ‘மாணவர் மனசு’ பெட்டி வைத்தாயிற்று. பெட்டியில் எழுதிப் போட வார்த்தை வேண்டும், அந்த வார்த்தை என் பாடத்தில் இருக்கிறது.

பெற்றோர் கேட்கக் கூடாது என்றும் நான் சொல்லவில்லை. தாராளமாகக் கேட்கட்டும். டப்பா விவகாரத்துக்கு அடுத்த வருடம், பாடம் தொடங்கும் முன்னால் நானே பெற்றோரைக் கூப்பிட்டேன். 22 பேர் வந்தார்கள், அதில் மூன்று அப்பாக்கள். புத்தகத்தைக் கையில் கொடுத்து, என்ன நடத்தப்போகிறேன் என்று பக்கம் பக்கமாகச் சொன்னேன். ஒரு அம்மா மட்டும் எழுந்து, இதெல்லாம் இந்த வயசுல தேவையா டீச்சர் என்றார். பின்னாலிருந்து சுமை தூக்குகிற ஒரு அப்பா, “தேவதாங்க. எம்பையன்ட்ட எப்படிப் பேசறதுன்னு எனக்குத் தெரியல, அவங்களாவது பேசட்டும்” என்றார். அரைமணி நேரம் வாக்குவாதம் நடந்தது. யாரும் போன் செய்யவில்லை, வீடியோ எடுக்கவில்லை. கடைசியில் அந்த அம்மாவும் கையெழுத்துப் போட்டார். டப்பா திரும்ப மேசைக்கு வந்தது.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. சட்டமன்றத்தில் ஒரு நாள் அரைமணி நேரம் இதற்கு ஒதுக்கி, ஓர் அரசாணைக்கு வழி செய்யுங்கள். அரசுப் புத்தகத்தில் உள்ள பாடத்தை நடத்தியதற்காக எந்த ஆசிரியர் மீதும் வாய்மொழியாக நடவடிக்கை கூடாது. குறை இருந்தால் பெயரும் கையெழுத்தும் போட்டு எழுத்தில் வரட்டும். அதை அந்தப் பாடம் நடத்தத் தெரிந்த மூன்று பேர், முடிந்தால் ஒரு டாக்டரோடு, விசாரிக்கட்டும். ஆசிரியர் என்ன சொன்னார், ஏன் சொன்னார் என்று அவரிடமும் கேட்கட்டும். விசாரணை முடியும்வரை 17பி குற்றச்சாட்டுக் குறிப்பாணை கிடையாது, நிர்வாக மாறுதல் கிடையாது. நான் தப்பாக நடத்தியிருந்தால் விசாரித்துத் தண்டியுங்கள், வாங்கிக்கொள்கிறேன். எழுத்தில் கொடுங்கள் என்று கேட்கிற தைரியமாவது தலைமை ஆசிரியருக்கு வரும்.

ஓய்வுபெற எனக்கு இன்னும் நாலு வருடம் இருக்கிறது. நாலு தடவை அந்தப் பாடம் வரும். இந்த வருடம் எட்டாம் வகுப்பு பி பிரிவு, 41 பேர், மூன்றாவது பீரியட். கடைசி பெஞ்சில் ஜன்னல் ஓரமாக ஓர் இடம் காலியாக இருக்கிறது, கொஞ்சம் ஆடும், பேப்பரை மடித்துக் காலுக்கு வைத்துத் தருகிறேன். பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கரைவேட்டியும் படைபரிவாரமும் இல்லாமல் தனியாக வாருங்கள், செல்போனை ஹெச்.எம். ரூமில் வைத்துவிட்டு வாருங்கள். ஏதாவது கேட்கத் தோன்றினால் டப்பாவில் சீட்டு எழுதிப் போடலாம். பெயர் எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
ஓர் அறிவியல் ஆசிரியை